ஐந்தாம் தேதி

நெத்திலியைத் தலை கிள்ளி, கழுவி, வடிகட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அரசாங்கக் கிளினிக்கின் வெள்ளை வேன் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைவதைப் புஷ்பவள்ளி பார்த்தாள். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை. அவள் மறந்திருக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

லாபிஸ் ஊரில் தீபாவளிக்குப் பிறகு வருகிற மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. கேண்டீனின் தகரக்கூரை இரைந்தது. பெரிய கடாயில் மிளகாய்ச் சம்பால் கொதித்து, ஓரங்களில் எண்ணெய் பிரியத் தொடங்கியிருந்தது. கேண்டீனை எடுத்து நடத்துகிற, அக்கா முறையில் எல்லோரும் காக் என்று கூப்பிடுகிற ஜைத்தூன், தேங்காய்ப்பால் சோற்றை அகப்பையால் புரட்டி விட்டுக்கொண்டே மலாயில் பேசினாள். ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்ததில் இருவருக்கும் மொழி ஒரு பொருட்டாக இல்லாமல் போயிருந்தது.

"மிஸ்ஸி வந்துட்டாங்க. இன்னிக்குப் பொண்ணுங்க பாதி பேரு லேட்டாத்தான் சாப்பிட வரும்."

"ம்."

"என் மூத்தவ போன மாசம் உள்ள போனா. வெளிய வந்து சொல்றா, அம்மா, அந்த மிஸ்ஸி எல்லாத்தையும் கேக்குறாங்க, நாம கேட்டாலும் எல்லாத்துக்கும் பதில் சொல்றாங்கன்னு. நம்ம காலத்துல யாருகிட்ட கேட்டோம், புஷ்பா? எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ள பெத்த பிறகுதான் பாதி வெவரம் தெரிஞ்சது."

புஷ்பவள்ளி சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"உன் பொண்ணு ஒரு தடவையும் போகலையே?"

"அவ அப்பாவுக்குப் பிடிக்காது, காக்."

இது பொய். அவள் கணவன் மூர்த்திக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்ததே தெரியாது.

மார்ச் மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. கவுன்சலிங் அறையில் ஒரு கட்டில் போட்டு, திரை கட்டி, மாதம் ஒருமுறை கிளினிக்கிலிருந்து தாதி, எல்லோருக்கும் மிஸ்ஸி, வந்து பெண்பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்ப்பார். மாதவிலக்கில் வலி, தேதி தவறுவது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான தடுப்பூசி, பையன்களைப் பற்றி, உடம்பைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. ஒருவர் எழுந்து, படிக்க அனுப்புகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். தாதி ஐலீன் எழுந்து நின்று, "உங்க மகளுக்குப் பல் வலின்னா பல் டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு வர்றாரு, அதுக்கு நீங்க ஒன்னும் சொல்லல, அங்கிள். இதுவும் அதே உடம்புதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாதவர்கள் கூச்சத்தால் போடவில்லை. புஷ்பவள்ளியும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். ஆனால் அவளுடைய காரணம் வேறு. கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: மாணவி முதன்முதலில் பூப்பெய்திய தேதி.

அவளுடைய மகள் சாருமதிக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐந்தாம் தேதியன்று, அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கழற்றிப் போட்ட பாவாடையில் ஒரு கறை இருந்தது. புஷ்பவள்ளி அதைப் பார்த்ததும் ஓடிப்போய் மூர்த்தியின் அக்கா பாக்கியவதிக்குப் போன் அடித்தாள். அரை மணி நேரத்தில் பாக்கியவதி வந்து நின்றாள், கையில் மஞ்சளும் வேப்பிலையுமாக. சாயங்காலத்துக்குள் கோயில்காரர்களுக்குத் தெரிந்தது, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, தங்காக்கில் துணிக்கடையில் வேலை செய்யும் புஷ்பவள்ளியின் தம்பி விஜயன், தாய்மாமன் சீருக்குப் பட்டுச்சேலை எடுத்து வைத்துவிட்டேன் என்று சந்தோஷத்தில் போனில் அழுதான்.

அன்று இரவு, தனியாக உட்கார வைத்திருந்த அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது சாருமதி சொன்னாள்: "அம்மா, அது அது இல்ல. சைக்கிள்ல விழுந்துட்டேன். பெடல் கம்பி தொடையில கிழிச்சிருச்சு. பாருங்க."

புஷ்பவள்ளி பார்த்தாள். நீளமான காயம். அடுத்த அறையில் பாக்கியவதி யாருக்கோ அழைப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா, நம்ம மூர்த்தி மகதான். எல்லாரும் வந்துருங்க."

"சும்மா இரு," என்றாள் புஷ்பவள்ளி. "இன்னிக்கில்லன்னா அடுத்த வாரம் வரப்போகுது. வாயத் திறக்காத."

அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. பதினோரு தட்டு சீர் வைத்து, பந்தலில் உட்கார வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, ஊரே வந்து சாப்பிட்டுப் போன பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது? இது அழைப்பிதழில் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்துவிட்டது போன்ற காரியமா? அதிலிருந்து மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்தால் சாருமதி மூன்று நாளைக்குச் சாமியறைப் பக்கம் போவதில்லை. கடையிலிருந்து வாங்கி வருகிற நாப்கின் பொட்டலங்கள், வந்துபோகும் பாக்கியவதியின் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கும். புஷ்பவள்ளிதான் அவற்றை உபயோகித்தாள். பிள்ளைக்குத் தாயும் தாய்க்குப் பிள்ளையும் காவல் இருந்தார்கள். இதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. பேசாமல் இருப்பதில் அந்த வீடு நன்றாகத் தேறிவிட்டிருந்தது.

இந்த வருடம் சீனப் பெருநாளுக்குப் பிறகு வலி ஆரம்பித்தது. மாதத்தில் மூன்று நான்கு நாள் சாருமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். புஷ்பவள்ளி ஓமத்தண்ணீர் கொடுத்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வரப்போகிறது, அதற்குத்தான் இந்த வலி என்று ஒவ்வொரு மாதமும் காத்திருந்தாள். போன வாரம் பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டி எட்டவில்லை என்று சாருமதி சொன்னபோது, தைத்திருந்த மடிப்பைப் பிரித்து விட்டுக் கொடுத்தாள். ஊசியில் நூலைக் கோக்க வெகுநேரம் ஆயிற்று.

ஓய்வு நேர மணி அடித்து, முதல் கூட்டம் வரிசையில் வந்து நின்றபோது, சாருமதியின் வகுப்புத் தோழி சாந்தினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, சாரு டாய்லெட்ல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. எழுந்திரிக்க முடியலன்னு சொன்னா. டீச்சர் அவள மிஸ்ஸி ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

புஷ்பவள்ளி கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை வரிசையின் முதலில் நின்ற பையனிடம் கொடுத்தாள். அடுத்தவனுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். பிறகுதான் கையைத் துடைத்தாள்.

"போ லா," என்றாள் காக் ஜைத்தூன். "நான் பாத்துக்கிறேன். போ."

கவுன்சலிங் அறை கேண்டீனிலிருந்து முப்பது அடி. கூரை போட்ட நடைபாதையில் மழைச்சாரல் அடித்துச் சிமெண்டுத் தரை வழுக்கியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

கட்டிலில் சாருமதி ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மேலுதடு வியர்த்திருந்தது. ஐலீன் அவள் தலைமாட்டில் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்காரி, தடித்த கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. அவளுடைய அம்மா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"உக்காருங்கக்கா."

"என்ன ஆச்சு மிஸ்ஸி?"

"காலையிலருந்து ஒன்னுக்குப் போக முடியலங்குது. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. எத்தன நாளா இப்படி?"

"வயித்துவலிதான். அந்த நேரத்து வலி. எல்லாருக்கும் வர்றதுதானே."

"எந்த நேரத்து வலி?"

"அதான். மாசாமாசம்."

ஐலீன் குனிந்தாள். "சாரும்மா, கடைசியா எப்ப வந்துச்சு?"

"அஞ்சாம் தேதி, மிஸ்ஸி."

"அதுக்கு முந்துன மாசம்?"

"அஞ்சாம் தேதி."

"அதுக்கும் முந்தி?"

"அஞ்சாம் தேதிதான்."

ஐலீன் பேனாவை மேசையில் வைத்தாள். "பதினெட்டு வருஷமா மிஸ்ஸியா இருக்கேன். எனக்கே தேதி முன்ன பின்ன ஆகும். கம்பெனிச் சம்பளம் மாதிரி ஒரே தேதியில வர்ற ஆள நான் இன்னும் பாத்ததில்ல."

சாருமதி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஐலீன் புஷ்பவள்ளியின் முழங்கையைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. தொப்புளுக்குக் கீழ ஒரு கட்டி கைக்குத் தட்டுது. கர்ப்பமான்னு பாக்கலாம்னா ஒன்னுக்கு வேணும். அதுக்கு வழியில்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. சிகாமட் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாப்பாங்க."

"கர்ப்பமா?"

"பதினஞ்சு வயசுப் புள்ள, வயிறு மேடா இருக்கு. பாக்குறவங்க மொதல்ல அதைத்தான் நெனப்பாங்க. அப்படி இருந்தா போலீசுக்குச் சொல்லித்தான் ஆகணும், அது சட்டம். நான் புள்ளகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். யாரும் தொடல மிஸ்ஸிங்குது. நான் நம்புறேன். ஆனா அந்தத் தேதிய நம்ப முடியல." அவள் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு என்னமோ தெரியும்னு தோணுது. நான் லெட்டர்ல எழுதுறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. தப்பா எழுதிட்டா தப்பான எடத்துல தேடுவாங்க. அதுவரைக்கும் புள்ள வலியில கெடக்கணும்."

நடைபாதையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் கால்வாயில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கேண்டீனில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். சொல்வதற்கு நாலு வார்த்தைதான். அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி நின்றாள். இரண்டு வருடம் வைத்திருந்த இடம்தானே என்று அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"அவங்க அப்பா வரட்டும், மிஸ்ஸி," என்றாள்.

ஐலீன் அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் மூர்த்தி வந்துவிட்டான். கவுன்சலிங் டீச்சர் போன் செய்தபோது, அவன் லோரியில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். லோரியை அப்படியே பள்ளிக்கூட வேலியோரம் நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸோடு மழையில் ஓடிவந்தான். சட்டையெல்லாம் பழ எண்ணெய்க் கறை. டீச்சர் என்ன சொன்னாளோ, வயிறு என்று சொன்னது மட்டும் அவன் காதில் நின்றிருந்தது.

"யாரு?" என்றான், கட்டிலின் முன்னால் நின்று.

சாருமதி எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. "யாருமில்லப்பா."

"யாருமில்லாம எப்படி? சொல்லு. அவன் எந்த ஊர், எந்தக் கம்பத்துல இருந்தாலும் நான் பாத்துக்கிறேன். பேர மட்டும் சொல்லு."

"அண்ணே," என்றாள் ஐலீன். "இது என் ரூம். இங்க படுத்திருக்கிறவங்கள யாரும் அதட்டக் கூடாது. அப்பாவா இருந்தாலும்."

"நீங்க பொறுங்க மிஸ்ஸி. நீங்க வந்து ரூம் போட்ட பிறகுதான் இதெல்லாம் நடக்குது."

"ஆமா. ரூம் போட்டதாலதான் இந்தப் புள்ள டாய்லெட்ல கெடக்காம இந்தக் கட்டில்ல கெடக்குது."

அவன் அவளுக்குப் பதில் சொல்லாமல் புஷ்பவள்ளியின் பக்கம் திரும்பினான். குரல் தணிந்தது. அவன் குரல் தணிந்தால்தான் அவளுக்குப் பயம்.

"நீ தெனம் இங்கதானே இருக்க? முப்பது அடியில. என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த? வர்ற வழியில அக்காகிட்டச் சொல்லிட்டேன். அக்கா போன்லயே அழுவுறாங்க. நம்ம கைப்பட மஞ்சத்தண்ணி ஊத்துன புள்ளையாங்குறாங்க."

சட்டைப்பையில் அவன் போன் அதிர ஆரம்பித்தது. அவன் எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி அதிர்ந்தது.

புஷ்பவள்ளி மகளைப் பார்த்தாள். மகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. இரண்டு வருடமாக யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள்: நான் சொல்லமாட்டேன், நீங்க பயப்படாதீங்க. இப்போதும் அதையேதான் சொல்கிறாள். தகப்பன் பேரைக் கேட்கிறான், போலீஸ் வரப்போகிறது, வயிறு வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, இருந்தும் தாயின் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். வாயைத் திறக்காதே என்று சொன்னதை இந்தப் பிள்ளை இவ்வளவு தூரத்துக்கு எடுத்துக்கொண்டு போகும் என்று புஷ்பவள்ளி நினைத்ததே இல்லை.

"அவளுக்கு இன்னும் வரல," என்றாள்.

மூர்த்தி திரும்பினான். "என்ன வரல?"

"அவ இன்னும் வயசுக்கு வரல. ஒரு மாசம்கூட வரல."

மூர்த்தி அவளை, மொழி தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சடங்கு பண்ணோமே."

"பண்ணோம்."

"மச்சான் தங்காக்லருந்து சேலையோட வந்தாரு. எங்க பெரியப்பா வீட்டு ஆளுங்க உலு திராம்லருந்து வேன் புடிச்சு வந்தாங்க. எல்லாரும் சாப்பிட்டுப் போனாங்க."

"ஆமா."

"அப்ப அந்தக் கறை?"

"சைக்கிள்ல விழுந்தா. தொடையில கிழிச்ச ரத்தம். மொத நாள் ராத்திரியே இவ எங்கிட்டச் சொன்னா. காயத்தையும் காட்டுனா. நான்தான் சும்மா இருன்னேன். அண்ணி எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. எப்படியும் வந்துரும்னு நெனச்சேன்." அவள் மகளின் பக்கம் கை காட்டினாள். "இவ ஒரு தப்பும் பண்ணல. இவ சொன்ன தேதியெல்லாம் எனக்காகச் சொன்னது."

மூர்த்தி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். பூட்ஸிலிருந்து தண்ணீர் தரையில் வட்டமாகப் பரவியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐலீன் அதற்குள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மாறிவிட்டது. கணக்குப் பிடிபட்டுவிட்ட வாத்தியார் முகம் மாதிரி.

"சாரும்மா, இப்ப என்கிட்ட நெசத்தைச் சொல்லணும். யாரும் திட்டமாட்டாங்க. இந்த வலி எப்ப ஆரம்பிச்சுச்சு?"

சாருமதி தாயைப் பார்த்தாள். புஷ்பவள்ளி தலையசைத்தாள்.

"சீனப் பெருநாள் லீவு முடிஞ்ச பிறகு."

"தெனமும் வலிக்குதா?"

"இல்ல. மாசத்துல ஒரு தடவ. மூணு நாலு நாளு. அப்புறம் தானா போயிரும். ஒவ்வொரு மாசமும் முந்துன மாசத்தவிடக் கூட வலிக்குது."

"வெளிய ஒன்னுமே வரல?"

"ஒன்னுமே வரல மிஸ்ஸி."

"சரி." ஐலீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா நான் ஒன்னு நெனக்கிறேன். சில பொண்ணுங்களுக்குப் பொறக்கும்போதே கீழ ஒரு தோல் முழுசா மூடியிருக்கும். வெளிய தெரியாது. வயசு வந்ததும் உள்ள எல்லாம் ஒழுங்கா நடக்கும். வர்ற ரத்தத்துக்கு வெளிய போக வழி இருக்காது. மாசாமாசம் உள்ளயே தேங்கித் தேங்கி, கட்டியா நிக்கும். அது அமுக்குறதாலதான் ஒன்னுக்குப் போக முடியல. சின்ன ஆபரேஷன்தான். வழிய விட்டுட்டா சரியாயிரும்."

"அப்ப எனக்கு வந்துட்டுதா?" என்றாள் சாருமதி.

"வந்து ஒம்பது பத்து மாசமாச்சும்மா. யாருக்கும் தெரியாம வந்திருக்கு."

மூர்த்தி தலையைத் தூக்கினான். "அந்தத் தோல வெட்டுனா, மிஸ்ஸி, பின்னால புள்ளைக்குக் கல்யாணம்னு வரும்போது..." அவன் முடிக்கவில்லை. அவன் எதைக் கேட்கிறான் என்று அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் தெரிந்தது.

"வெட்டாம விட்டாத்தான் பின்னால புள்ளைக்குக் கஷ்டம், அண்ணே," என்றாள் ஐலீன். "மூக்கு அடைச்சிருந்தா தொறந்து விடமாட்டோமா? அவ்வளவுதான் இது. ஆபரேஷன்ல வெட்டுனதுன்னு டாக்டர் எழுதிக் குடுப்பாங்க. யாருக்கும் காட்டணும்னு இல்ல, உங்க மனசுக்கு வேணும்னா வச்சுக்குங்க."

பிறகு புஷ்பவள்ளியிடம், குரலைத் தாழ்த்தி, "மார்ச்சுல லெட்டர் குடுத்தேனேக்கா," என்றாள். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

ஐலீனும் கூட ஏறி வந்தாள். சிகாமட் போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை, மழையில் கறுத்து நின்றது. புஷ்பவள்ளியின் விரல்களில் நெத்திலி வாசனை போகவில்லை. அந்தக் கையை மகளிடம் நீட்டக் கூச்சமாக இருந்தது. சாருமதி தானாகவே எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அவளுடைய நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்ததும் சாருமதிக்குப் பாதி உயிர் வந்தது. மலாய்க்கார லேடி டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் ஓட்டிக்கொண்டே கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டாள். புஷ்பவள்ளி வாயைத் திறப்பதற்கு முன்னால் சாருமதியே பதில் சொன்னாள், மலாயில், தெளிவாக: "இன்னும் ஒரு தடவையும் வரவில்லை, டாக்டர்." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். ஐலீன் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. சாயங்காலமே செய்துவிடலாம் என்றாள் டாக்டர். மூர்த்தி எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எழுத்துகள் பெரிது பெரிதாக, கோட்டுக்கு வெளியே போயிருந்தன.

வார்டுக்கு வெளியே அவன் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தான். திரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"ஆமாக்கா. சிகாமட்லதான். இல்ல, இல்ல, அப்படி ஒன்னும் இல்ல. நான்தான் கேக்காம கொள்ளாம கத்திட்டேன்." பாக்கியவதியின் குரல் சன்னமாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. "வயித்துல ஒரு கட்டிக்கா. எடுத்துருவாங்க. அவ்வளவுதான். சடங்கா? சடங்குக்கும் இதுக்கும் என்ன? அதெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு."

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வைத்திருந்த பொய்யை இப்போது அவன் வாங்கிக்கொண்டான். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது?

சாருமதி கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று புஷ்பவள்ளி நினைத்தாள்.

"அம்மா."

"என்னடா?"

"அடுத்த மாசம் தானா வரும்னு டாக்டர் சொன்னாங்க. தேதி அவங்களுக்கே தெரியாதாம்."

"ம்."

"இந்தத் தடவ யாருகிட்டயும் சொல்லாதீங்க. அத்தைகிட்ட, மாமாகிட்ட, யாருகிட்டயும்."

"சொல்லமாட்டேன்."

"அப்பாகிட்டயும்."

"சொல்லமாட்டேன்டா."

சாருமதி கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட நான் சொல்றேனா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

பச்சைச் சட்டை போட்ட இருவர் கட்டிலைத் தள்ள வந்தார்கள். புஷ்பவள்ளி எழுந்து, நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு வழி விட்டாள்.